ஆழ்கடல் அன்னதானம்

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் நடுவில் இறைவன் கடலைப் படைத்ததே, பின்னாளில் தருமன் அதன்மேல் நின்று சாம்பார் சாதம் பரிமாற வேண்டும் என்பதற்காகத்தான். இதைத் தருமனே சொல்கிறார், ஆகையால் மறுப்பதற்கில்லை. மேலும் அவர் சொல்வது: அந்தக் கப்பலில் நாற்பத்தொரு வயிறுகள் ஒரே மணி நேரத்தில் கவிழ்ந்தன. அதே சோற்றை உண்டுவிட்டு, திருவண்ணாமலை மலையைப் போல அசையாமல் நின்ற வயிறு ஒன்றே ஒன்றுதான். அந்த வயிற்றைத்தான் அவர் தினமும் காலையில் கிரிவலப் பாதையில் நடக்க அழைத்துப் போகிறார். விருப்பமுள்ளவர்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதை ஊரில் நம்பாதவர் ஒரே ஒருவர். அவர் பெயர் அருணாதேவி. ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், ஊருக்கெல்லாம் 'சிஸ்டர்'. முப்பத்து மூன்று வருடம் ஊசி போட்டவர் என்பதால், எதையும் ஒருமுறை குத்திப் பார்க்காமல் அவருக்கு விட மனசு வராது.

நடந்ததைச் சொல்லுமுன் பேரவையைச் சொல்லியாக வேண்டும். 'அருணை அதிகாலை நடையாளர் மற்றும் அன்னதானப் பேரவை' என்பது நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கும் கூட்டம் அல்ல. முறைப்படி பதிவு செய்யப்பட்டது. லெட்டர்பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு, ஸ்டாம்பை வைக்க வெல்வெட் பெட்டி உண்டு. உறுப்பினராவதற்குத் தகுதிகள் மூன்று: பணி ஓய்வு பெற்றிருக்க வேண்டும், காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், எழுந்த விஷயத்தை அன்று முழுக்க மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்குப் பேரவை சாம்பார் சாதம் வழங்கும். கரண்டி பிடிப்பவர் தருமன்.

தருமன் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராக இருந்தவர். ஆனால் அது அவருடைய பிழைப்பு, கரண்டிதான் பிறப்பு. ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி வருமுன்பே, வேலையில் இருந்த காலத்திலேயே தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளாக உணவுக் குழுத் தலைவர். அந்தப் பதவியை ஏற்ற அன்றே மீனையும் கறியையும் துறந்தார். துறந்ததைத் தீர்மானமாகப் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினார். அன்று முதல் அந்தப் பெரிய கரண்டியை வேறு எவரும் தொட்டதில்லை. அவர் மனைவி சந்திரம்மாள் மட்டும், "என் கழுத்துல தாலி கட்டறப்பகூட இந்த மனுசன் இம்மாங் கெட்டியாப் புடிக்கல" என்று சொல்வதுண்டு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வேங்கிக்கால் புது வீட்டுமனைப் பக்கத்தில் இன்னொரு நடையாளர் சங்கம் இருக்கிறது. நேற்று முளைத்தது. அவர்கள் விமானத்தில் காசிக்குப் போய் வந்து, ஏறியதை, இறங்கியதை, ஜன்னல் வழியே மேகம் பார்த்ததை எல்லாம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது.

"அவங்க ஏரோப்ளேன்ல போனாங்கன்னா, நாம வெளிநாடு போறோம்" என்றார் தருமன்.

செயலாளர் சுப்பிரமணி பேனாவைத் திறந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். காதில் விழுவது எதையும் எழுதாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "எந்த வெளிநாடுங்க?"

"கிட்டத்துல எது இருக்குதோ அது."

"துபாய்னு போட்டுக்கவா?"

"தூரம்."

"சிங்கப்பூரு?"

"செலவு ஜாஸ்தி."

பேரவையின் மூத்த உறுப்பினர் பாஞ்சாலை, எழுபத்து நாலு வயசு, சுவரில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சிலோனுக்குப் போலாமே. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறனா நாலு மணி நேரமாம். நம்மூரு பஸ்ஸுல வேலூர் போறதுக்கே அம்மாம் நேரம் ஆவுது."

ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த தீர்மானத்தைத் தருமனே எழுந்து நின்று முன்மொழிந்தார். வெளிநாடு போகிறவர்களெல்லாம் அங்கே கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே, கப்பல் ஏறியது முதல் திரும்பி இறங்குவது வரை பேரவை உறுப்பினர் எவரும் அயல்நாட்டுச் சோற்றில் ஒரு பருக்கையோ, அயல்நாட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டோ தொடுவதில்லை. திருவண்ணாமலையிலிருந்தே உணவு கொண்டுபோகப்படும். மிகுந்தால் நடுக்கடலில் பிற பயணிகளுக்கு வழங்கப்படும். மலையைச் சுற்றி அன்னதானம் செய்தவர்கள் ஆயிரம் பேர். கடல்மேல் செய்தவர் எவர்?

"எவரும் இல்லைனு போட்டுக்கறேன்" என்றார் சுப்பிரமணி.

பயணத்துக்கு முந்தைய நாள் மதியம் பேரவைக் கூடத்தின் பின்புறம் அண்டா ஏறியது. நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று டப்பா வீதம் நூற்று இருபத்தாறு டப்பா. இறக்கிய சூட்டோடு தருமன் மொண்டு போட, மற்றவர்கள் மூடியை அழுத்தி, ரப்பர் பேண்டு போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். அதுதான் கிரிவல வழக்கம். பாதையில் நடந்து வருகிறவன் கை நீட்டி வாங்கும்போது டப்பா கையைச் சுட வேண்டும். சுட்டால்தான் அவனுக்குத் திருப்தி, போட்டவனுக்குப் புண்ணியம். அவனும் பத்தடி தள்ளி நின்று அப்போதே சாப்பிட்டு முடித்துவிடுவான். இருபத்திரண்டு வருடத்தில் எந்த டப்பாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடியிருந்ததில்லை.

சிஸ்டர் வந்து பார்த்தார். ஒரு டப்பாவைத் தொட்டு, கையை உதறிக்கொண்டார்.

"அண்ணே, இத எப்ப துன்னப் போறோம்?"

"நாளைக்கு பத்தரை மணிக்கு. கரெக்டா நடுக்கடல்ல."

"அப்போ இப்டி கொதிக்க கொதிக்க மூடாதீங்கண்ணே. பாய்ல பரப்பி ஆறவச்சுக் கட்டுங்க. சாம்பார் சாதம் வேற. காய் போட்டிருக்கீங்க, பருப்பு போட்டிருக்கீங்க. பேசாம புளிசோறா கிண்டிருக்கலாம்."

தருமன் கரண்டியை நிறுத்தவில்லை. "சிஸ்டர், ஊசி போடறது உங்க டிபார்ட்மென்ட்டு. சோறு போடறது நம்ம டிபார்ட்மென்ட்டு. நான் எப்பனா உங்க ஊசிய ஆறவச்சுப் போடச் சொல்லிருக்கனா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். பிறகு வீட்டுக்குப் போய், தம் பையில் இருந்த ஒரு சேலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்திருந்தது. டப்பாக்களின் மூடிகள் தாமாகவே மேல்நோக்கி எழும்பி, ஒவ்வொன்றும் சின்னச் சின்ன மலை போல் காட்சியளித்தன. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"காத்தழுத்தம்" என்று தருமன் விளக்கினார். "கடலோரத்துல அப்டித்தான் இருக்கும்."

சோதனை செய்த அதிகாரி ஒருவர், "இது என்ன?" என்று கேட்டார். "அண்ணாமலையார் ஊர் அன்னதானம்" என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கைகூப்பி, தமக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் அவருடைய நிலைமை குறித்துப் பேரவைக்கு எவ்விதத் தகவலும் இல்லை.

கப்பல் புறப்பட்டது. கடல் அன்று பாயில் விரித்த வேட்டி போலக் கிடந்தது; ஒரு சுருக்கம் இல்லை. சரியாகப் பத்தரைக்குத் தருமன் எழுந்து, தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, "அண்ணாமலைக்கு அரோகரா" என்றார். முதல் டப்பாவைத் திறந்தார்.

அப்போது அவருடைய மூக்கு அவரிடம் ஏதோ சொல்ல வந்தது.

இருபத்திரண்டு வருடம் அண்டாவுக்கு மேலேயே வளர்ந்த மூக்கு அது. உப்பு அரைக்கல் கம்மி என்றால் ஆவியிலேயே கண்டுபிடிக்கும். ஆனால் எதிரே அறுபது எழுபது பயணிகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு செல்போன்கள் படமெடுத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று, வேங்கிக்கால் சங்கத்துக்கு அனுப்புவதற்கென்றே நியமிக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் ஒரு மூக்கின் பேச்சைக் கேட்டு அன்னதானத்தை நிறுத்துவதா? தருமன் மூக்கைப் பேசவிடவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பரிமாறினார்.

வாங்கியவர்களுக்கும் மூக்கு இருந்தது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அன்னதானத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பாதையில் பதினாலு கிலோமீட்டரும் நீட்டியதையெல்லாம் வாங்கி, வயிறு நிறைந்தால் மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள். வாங்கியதைக் கொட்டுவது அதைவிடப் பாவம். ஆகவே நாற்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பக்தியோடு வழித்துச் சாப்பிட்டார்கள்.

"புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றார் சுப்பிரமணி.

"பெங்களூர் தக்காளி" என்றார் தருமன்.

சிஸ்டர் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவைத்தார். பாஞ்சாலை தமக்குரியதை முடித்து, சிஸ்டர் மூடிவைத்ததையும் வாங்கிக்கொண்டார். ரமணாசிரமம் பக்கம் பதினெட்டு வருடமாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் விசா விஷயமாக அதே கப்பலில் வந்தார். அவர் இரண்டு டப்பா வாங்கி உண்டு, கண்ணை மூடி அமர்ந்தார். ஞானம் வருகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தது வேறு.

"நீங்க சாப்பிடலியா?" என்று சந்திரம்மாள் கேட்டார்.

"போடறவன் கடைசியிலதான் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு, தம் டப்பாவோடு தருமன் கப்பலின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு சின்ன சிற்றுண்டிச்சாலை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எண்ணெய்ச் சட்டியில் எதையோ பொன்னிறமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். வாசனை வந்தது. இந்த முறை மூக்கு பேசியபோது தருமன் குறுக்கிடவில்லை.

"என்னா அது?"

"மீன் கட்லட் ஐயா. சூடா இருக்கு."

"மீனா?" என்று தருமன் திடுக்கிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு விரதம் கண்முன் வந்து நின்றது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, "ஒண்ணு குடுங்க. எப்படி இருக்குதுன்னு சும்மா தெரிஞ்சிக்கத்தான்" என்றார்.

ஒன்றைத் தெரிந்துகொண்டார். பிறகு, தெரிந்துகொண்டது சரிதானா என்று சரிபார்க்க இரண்டாவது. மூன்றாவது முதல் ஆறாவது வரை ஆராய்ச்சி தொடர்ந்தது. "இன்னும் ஒண்டு தரட்டோ ஐயா?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான், கப்பலின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஓலம் கேட்டது.

அதற்குப் பின் அந்தக் கப்பலில் நடந்ததை நாகரிகமுள்ளவர்கள் முழுதாகச் சொல்லமாட்டார்கள். கப்பலில் கழிவறைகள் நான்கு. நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். தீபத்தன்றுகூட அவ்வளவு மனமுருகி நின்ற வரிசையைப் பார்த்திருக்க முடியாது. சிலர் சிறப்பு தரிசனம் கேட்டார்கள். "நான் செயலாளர்யா" என்று சுப்பிரமணி கதவைத் தட்ட, "இது மினிட்ஸுல ஏறாது, கம்னு இரு" என்று உள்ளிருந்து பாஞ்சாலையின் குரல் வந்தது. அன்னம் பெற்ற பிற பயணிகளும் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பேரவையில் உறுப்பினர்கள் அல்லாததால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தருமன் ஓடோடி வந்தார். தண்ணீர் கொடுத்தார், விசிறினார், தோளில் சாய்த்து நடத்தினார். உண்மையிலேயே பயந்துபோயிருந்தார், ஆனால் பயந்த மனிதன் ஓடுவதும் கருணையுள்ள மனிதன் ஓடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தரையில் சுருண்டு கிடந்த சந்திரம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"எனக்கா? எனக்கின்னா ஆவப்போவுது" என்றார் தருமன். வேறு என்ன சொல்லுவார்?

"எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்" என்று பக்கத்தில் கிடந்தவர் முனகினார். "ஒருத்தரையாவது நிக்க வச்சாரே."

அந்த நொடியில்தான் வரலாறு பிறந்தது. மறுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் மீன் வாசனை வரும் என்பதால் தருமன் அடக்கத்தோடு தலைகுனிந்து நின்றார். அந்த அடக்கத்தைக் கண்டு மேலும் இருவர் கைகூப்பினார்கள்.

நல்லூர் கோயில், கீரிமலைத் தீர்த்தம், கடற்கரை என்று மூன்று நாள் திட்டம் இருந்தது. நாற்பத்தொரு பேரும் மூன்று நாளும் ஓர் ஆஸ்பத்திரியின் கூரை விசிறியைப் பார்த்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அயல்நாட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் வாயால் தொடுவதில்லை என்ற தீர்மானம் அந்த வகையில் காப்பாற்றப்பட்டது.

அங்கிருந்த டாக்டர் அம்மா ஒருவர் கட்டில் கட்டிலாக வந்து விசாரித்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டனீங்கள்?"

"அன்னதானங்க."

"எப்ப சமைச்சது?"

"அதுக்கு முன்னாடி நாளு மத்தியானம்."

"சூட்டோடயே மூடினதோ?"

"கைய வைக்க முடியாதுங்க" என்றார் சுப்பிரமணி பெருமையாக.

"அப்ப வேற காரணம் தேட வேண்டியதில்லை. சோறு பழுதாப் போச்சுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எவ்வளவு சுருக்கமான தீர்ப்பு. ஒரு குழு இல்லை, ஒரு கூட்டம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. பேரவை இதை ஏற்கவில்லை. அன்று மாலையே கட்டில்களை நெருக்கிப் போட்டு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. உட்கார முடிந்த ஒரே உறுப்பினர் என்ற முறையில் தருமன் அதன் தலைவரானார். குழுவின் முடிவுகள் பின்வருமாறு பதிவாகின. அன்னதானம் தெய்வ காரியம். தெய்வ காரியத்தால் பேதி வராது. ஆகவே குற்றம் கடலுடையது. கடல் அசையவே இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, அசைய வேண்டிய கடல் அசையாமல் இருந்ததே சந்தேகத்துக்கு இடமளிப்பதாகத் தலைவர் சுட்டிக்காட்டினார். மேலும், கப்பல் பாதி தூரம் கடந்ததும் உறுப்பினர்கள் தம்மையறியாமல் அயல்நாட்டுக் காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள். டாக்டரின் கருத்து பேரவையின் உள்விவகாரத்தில் அயல்நாட்டுத் தலையீடு எனக் கருதி நிராகரிக்கப்பட்டது.

சிஸ்டர் படுத்தபடியே சொன்னார்: "அந்தம்மா சொன்னதுதான் சரி. சோறு ஊசிப்போச்சு."

'சிஸ்டர் இருமினார்' என்று சுப்பிரமணி மினிட்ஸில் எழுதினார்.

திரும்பும்போது அதே கப்பல். எல்லோரும் ஜன்னலோரம் சாய்ந்து, சாப்பாடு என்ற சொல்லையே உச்சரிக்காமல் வந்தார்கள். தருமன் எதற்கோ எழுந்து பின்பக்கம் போனவர், பாதி வழியில் நின்றுவிட்டார். சிற்றுண்டிச்சாலையில் சிஸ்டர் வெறும் தேநீர் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கையை விரித்து, மீசையைத் தொட்டு, வயிற்றைத் தடவி, ஓர் ஆளை வர்ணித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு விரலைக் காட்டினார். சிஸ்டர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தருமன் கடலைப் பார்த்தார். அப்போது அது நன்றாக அசைந்தது.

ஆனால் சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்த பிறகும் சொல்லவில்லை. அதுதான் தருமனுக்குத் தாங்கவில்லை.

இதற்கிடையில் ஊர் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கப்பலில் விழுந்தவர்கள் நாற்பத்தொருவர் என்பது செங்கம் ரோடு டீக்கடையில் நூற்று நாற்பது ஆனது. பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் நானூறு. கேப்டனே மயங்கி விழுந்ததாகவும், ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கப்பலுமாகத் தருமன் கரை சேர்த்ததாகவும் ஒருவர் தருமனிடமே வந்து சொன்னார். "அவ்ளோ இல்ல" என்றார் தருமன். 'கொஞ்சம் கம்மி' என்ற அர்த்தத்தில்.

"நீங்களும் அதே சோறுதான சாப்டீங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

முதல் வாரம் அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது வாரம் "ஒரு டப்பா" என்றார். மூன்றாவது வாரத்தில் இரண்டு டப்பா சாப்பிட்டிருந்தார்.

"அதெப்படி அண்ணே?" என்று சிஸ்டர் ஒரு நாள் காலை நடையில் கூடவே வந்து கேட்டார். "ரெண்டு வாய் தின்ன எனக்கே நாலு தபா போச்சு. ரெண்டு டப்பா தின்ன உங்களுக்கு ஒண்ணுமே ஆவல. நான் நம்பலண்ணே. நர்ஸா இருந்தவ, எனக்குக் காரணம் வோணும்."

"ஒடம்பு வாகு."

"ஒடம்பு வாகா?" என்றார் சிஸ்டர். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "சரிண்ணே. தீபத்துக்கு எத்தினி பொட்டலம்?"

இதுதான் விஷயம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பத்து நாள். இந்த வருடம் பேரவை எட்டாயிரம் டப்பா போடுவதாக இருந்தது. தீபத்தன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆகவே முதல் நாள் மதியமே சமைத்து, சூட்டோடு கட்டி, கொண்டுபோய் அடுக்கிவிட வேண்டும் என்பது தருமன் போட்ட திட்டம். எட்டாயிரம் பேர். அத்தனை பேருக்கும் எத்தனை கழிவறை வேண்டும் என்று சிஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தருமனுக்கோ, அந்தக் கரண்டி கையை விட்டுப் போனால் தாம் வெறும் ஓய்வூதியர் என்பது தெரியும்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பேரவைக் கூட்டம் கூடியது. எல்லோரும் மெலிந்திருந்தார்கள், நாற்காலிகள் கொஞ்சம் தாராளமாக இருந்தன. சுப்பிரமணி எழுந்து வாசித்தார்.

"நடுக்கடலில் பிறருக்குப் படைத்த அன்னத்தையே தாமும் உண்டு, தாம் மட்டும் நிலைகுலையாமல் நின்று, சக உறுப்பினர்களைக் காத்த திரு. தருமன் அவர்களுக்கு 'ஆழ்கடல் அன்னக்கொடை வேந்தர்' என்ற பட்டம் வழங்குவதென்றும், தீபத் திருநாள் எட்டாயிரம் பொட்டலப் பொறுப்பு முழுவதையும் அவரிடமே ஒப்படைப்பதென்றும் தீர்மானிக்கப்படுகிறது. ஆட்சேபனை உண்டா?"

எல்லாத் தலைகளும் சிஸ்டர் பக்கம் திரும்பின. தருமனின் கை துண்டின் நுனியைத் தேடியது. கட்லட், ஆறு விரல், மினிட்ஸில் ஏறிய விரதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வரிசையில் நின்றன.

சிஸ்டர் எழுந்தார். "ஆட்சேபனையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பட்டம் குடுங்க. பொறுப்பும் குடுங்க."

தருமன் மூச்சு விட்டார்.

"ஒரே ஒரு திருத்தம். அம்மாம் பெரிய மனுசருக்கு நாம இதுவரிக்கும் ஒரு மரியாதையும் செஞ்சதில்ல. கோயில்ல மொதல் மரியாதைனு இருக்குதில்ல? அதுமாரி, தீபத்தன்னிக்கு மொதல் டப்பாவ அண்ணனுக்குக் குடுக்கணும். எல்லார் முன்னாடியும் அவுரு ஒக்காந்து ஃபுல்லா சாப்புடணும். நாம கைகட்டி நின்னு பாக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சி, அவுரு எழுந்து வந்து சரின்னா, மத்த எட்டாயிரத்தையும் குடுக்கலாம்."

கூடம் நெகிழ்ந்துபோனது. "என்ன ஒரு மனசு" என்றார் ஒருவர். "இவ்ளோ நாள் நம்பாத சிஸ்டரே சொல்றாங்க பாரு" என்றார் இன்னொருவர். சந்திரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"முதல் டப்பா, முழுசா, ரெண்டு மணி நேரம்" என்று சுப்பிரமணி எழுதினார். "ஒருமனதாகன்னு போட்டுக்கவா?"

 மூடிகள் தாமாக எழும்பி நின்ற அந்தக் காலை தருமனுக்கு ஞாபகம் வந்தது. மூக்கு அன்று சொல்ல வந்ததை இப்போது முழுவதும் சொல்லி முடித்தது.

"அதெப்டிங்க?" என்று துள்ளி எழுந்தார். "வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல? போடறவன் மொதல்ல துன்னா அது அன்னதானமா? எல்லார் வயிறும் நெறஞ்ச பெறவுதான் அவன் வாய்ல வைக்கணும். இருவத்திரண்டு வருசமா நான் அப்டித்தான்."

"அது பாதையில" என்றார் பாஞ்சாலை. "கப்பல்ல நீ எங்களோட சேந்து ரெண்டு டப்பா தின்னியே தருமா."

"யாரு தின்னது?" தருமனின் குரல் உயர்ந்தது. இருபத்திரண்டு வருடக் கௌரவம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. "கடல்ல இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். ஒரு பருக்க, ஒரே ஒரு பருக்க நான் தொட்டிருப்பனா? அண்ணாமலையார்மேல சத்தியமா, அந்தச் சோத்த நான் வாய்லயே வைக்கல."

கைதட்டல் தொடங்கியது. இரண்டு மூன்று தட்டுக்குப் பிறகு ஒரு மூலையில் நின்றது. பிறகு அடுத்த மூலையில். மூன்றாவது வரிசையில் ஒன்பது கிலோ குறைந்திருந்த ஒருவர் விரல் விட்டு எதையோ எண்ணத் தொடங்கினார். சந்திரம்மாள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தார். தாலுகா ஆபீஸ் காலம் தொட்டு ஒருநாளும் நிற்காத சுப்பிரமணியின் பேனா நின்றது.

"அதாவது," என்றார் சுப்பிரமணி, "சாப்ட்ட நாப்பத்தோரு பேரும் படுத்தோம். சாப்புடாத நீங்க மட்டும் நின்னீங்க. இப்டி எழுதிக்கவா?"

தருமன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் சொல்வதில் எதையும் நம்பாத ஒரே ஜீவன் அங்கே நின்றுகொண்டிருந்தது. இந்த மாதம் முழுக்க அவரைச் சந்தேகப்பட்டவர் இன்று மட்டும் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையோடு அவர் சிஸ்டரைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. நான் எது சொன்னாலும் நம்பமாட்டீங்களே."

"இல்லண்ணே" என்றார் அருணாதேவி. "இத நான் நம்பறேன். இது நடந்துது."